தறி நின்றதும் கேட்ட முனகல்

கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற என் சாமிக்கு, இந்தப் பக்கம் தறிப்பட்டறையில் உட்கார்ந்திருக்கிற அப்பா எழுதுவது. பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு போனில் கடிதம் எழுதுகிறாரே, இந்த மனுசனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைப்பாய். பிசகித்தான் போயிருக்கிறது. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ஒண்ணுமில்லீங்கப்பா, தூங்கறேன்" என்கிறாய். தூங்குகிறவள் இத்தனை சுருக்காகப் பதில் சொல்லமாட்டாள். உன்னிடம் கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கரண்ட் இல்லாததால் தெருவே வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்து ஒரு அப்பன் கத்திக் கேட்கிற கேள்விகளா அவை? அதனால்தான் எழுதுகிறேன். உன் மகள் என் மடியில் கிடக்கிறாள். ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டை விரலால் தட்டுகிறேன். எழுதி எழுதி அனுப்புவேன். தப்பும் தவறுமாக இருந்தாலும் விடாமல் படி.

இன்று காலை மெயின்டனன்ஸ் என்று கரண்டை எடுத்துவிட்டார்கள். தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. குமாரபாளையத்தில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் ஒரு சத்தமே இல்லை. அது நின்றால்தான் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்போம். உன் மகளும் இந்த ஊர்ப் பிள்ளைதான் என்பதைக் காட்டிவிட்டாள். சத்தம் நின்றதும் திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள். அவளைத் தூக்க நீ எழுந்தாய். அப்போதுதான் கேட்டேன். கட்டிலை விட்டு எழும்போது உன் வாயிலிருந்து வந்த அந்த முனகலைக் கேட்டேன். அதன் பிறகு பல்லோடு பல் அடித்துக்கொள்வதைக் கேட்டேன். இந்த வெயிலில், ஃபேன் ஓடாத அறையில், உனக்குக் குளிரில் பல் அடிக்கிறது. இது இன்றைக்குப் புதிதாக வந்ததாக இருக்க முடியாது. தறி ஓடும்போது எழுந்து, தறி ஓடும்போதே முனகி, நான் சாப்பாட்டுக்காக நிறுத்துகிற நேரத்தில் அசையாமல் படுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். துண்டு ஆர்டரை முடித்தாக வேண்டும் என்று இடைவிடாமல் ஓட்டியவன் நான். நீ வலியை மறைக்க நானே பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "கொஞ்ச நேரம் வெச்சுக்குங்கப்பா, கையெல்லாம் வலிக்குது" என்று குழந்தையை நீட்டினாயே, அப்போது உன் விரல் என் மேல் பட்டது. அனலாகக் கொதித்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையை அரை நாழிகை உன் கையிலிருந்து வாங்க யாராலும் முடிந்ததில்லை. இன்று நீயாகவே கொடுத்தாய். அறையிலிருந்து ஒரு வாடையும் வந்தது. பால் வாடை தெரியும், லேகிய வாடை தெரியும், சுட்ட பூண்டு வாடை இந்த வீட்டுச் சுவரிலேயே ஏறிக் கிடக்கிறது. இது அதெல்லாம் கிடையாது. என் முகம் மாறியதை நீ பார்த்தாய். பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய்.

உடனே தடுப்பூசி போட வருகிற சுகாதார நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். "புள்ளைக்குக் காய்ச்சலுங்க, பால் கட்டின காய்ச்சலா இருக்குமுங்களா?" என்று கேட்டேன். இந்தப் பால் காய்ச்சல் என்பது நானாகக் கண்டுபிடித்ததில்லை. ஊரே சொல்வதுதான். அந்தம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "குளிர் நடுக்கம் இருக்குதுங்களா? வாடை வருதுங்களா? வயித்துக் கட்டை அவுத்துப் புண்ணைப் பாத்தீங்களா?" என்று அடுக்கினார். "நான் எப்படிங்க பாக்கறது? அப்பனுங்க" என்றேன். "பின்ன யாருங்க பாப்பாங்க? அவுங்கம்மா எந்திரிச்சு வருவாங்களா?" என்றார். போய்ச் சேர்ந்தவளைப் பேச்சில் இழுத்ததற்கு அந்தம்மாவே வருத்தப்பட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "ஆப்ரேசன் பண்ணுன உடம்புங்ணா. குளிர்காய்ச்சல் வந்தா ஊட்ல வெச்சுப் பாக்கற சமாச்சாரமே இல்லீங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க. பேச்சு கீச்சு மாறிச்சுன்னா ஒரு நிமிசம் கூட வெச்சிருக்காதீங்க" என்றார். டாக்சி செல்வராசுவுக்கு அப்போதே சொல்லிவிட்டேன். சங்ககிரிக்குச் சவாரி போயிருக்கிறான். இறக்கிவிட்டு நேரே இங்கே வருகிறேன் என்றான். அவன் வருவதற்குள் நீ தாழ்ப்பாளைத் திறந்தாக வேண்டும், அதற்குத்தான் இத்தனை எழுத்தும்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை அனுப்பும்போதே ஒரு நர்ஸ் சொன்னார். வார்டு வாசலில் நிறுத்தி, எதெது வந்தால் உடனே வர வேண்டும் என்று என்னிடமும் என் அக்காவிடமும் சொல்ல ஆரம்பித்தார். உதிரப் போக்கு என்ற சொல் காதில் விழுந்ததும், "அக்காகிட்டச் சொல்லுங்க, நான் ஆட்டோ பாக்கறேன்" என்று நழுவிவிட்டேன். ஆட்டோ கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது! அக்காவுக்குக் காது மந்தம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதை நான் கேட்டுக்கொண்டால்தான் நீ பிழைப்பாய் என்று மட்டும் உறைக்கவில்லை. ஆம்பளைக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று என் கௌரவம் என்னை ஆட்டோவுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

அக்கா ராசிபுரத்திலிருந்து வந்து உனக்குப் பார்த்ததில் குறையே சொல்லமாட்டேன். அவள் தன் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்தாளோ அப்படித்தான் உனக்கும் செய்தாள். தினமும் சுடுதண்ணீர் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் வயிற்றைச் சுற்றிக் காடாத் துணியை இறுக்கிக் கட்டினாள். துணி கேட்டபோது, பீரோவில் இருந்த பழையதை விட்டுவிட்டு, நம் தறியில் ஓடியதையே புதிதாகக் கிழித்துக் கொடுத்தவன் நான். பேத்தி பிறந்த பெருமை. அவளுடைய பிள்ளைகளெல்லாம் சுகப்பிரசவம், கட்டுக்கு அடியில் தையல் கிடையாது என்பதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. "தண்ணி சாஸ்தி குடிச்சா புண்ணு சீப்புடிச்சுக்கும்டா தம்பி, நாக்க நனைக்கிற அளவுக்குக் குடு போதும்" என்றாள். சரியென்று சொம்பை உன் தலைமாட்டிலிருந்து எடுத்து வைத்ததும் நான்தான். ஒருநாள் நீ, "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுங்கத்தை" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. கேட்காத மாதிரி தறியில் பாவு நூல் பிணைக்கப் போய்விட்டேன். அக்கா ஊருக்குப் போன பிறகு கட்டை நீயே கட்டிக்கொள்கிறாய். ஆக, உன் புண்ணை இத்தனை நாளாக ஒருத்தரும் பார்க்கவில்லை. நீயாவது குனிந்து பார்த்தாயா?

இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், படி. தையலைச் சுற்றிச் சிவந்து தடித்திருக்கிறதா? தொட்டால் அந்த இடம் மட்டும் சுடுகிறதா? நீரோ சீழோ கசிந்து துணியில் ஒட்டியிருக்கிறதா? எங்காவது தையல் விட்டு வாய் பிளந்திருக்கிறதா? வலி நாளாக ஆகக் குறைய வேண்டும், உனக்குக் கூடிக்கொண்டு போகிறதா? வாடை புண்ணிலிருந்தா, இல்லை போக்கிலிருந்தா? மெடிக்கலில் நான் பேப்பரில் சுற்றி வாங்கி வந்த அந்தப் பொட்டலம் தீர்ந்துவிட்டதா இருக்கிறதா என்றுகூட உன்னை நான் கேட்டதில்லை. அடுத்தடுத்து நனைந்துபோகிறதா, கட்டி கட்டியாக விழுகிறதா? ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை வலிக்கிறதா? நெஞ்சில் குத்துகிறதா, மூச்சு முட்டுகிறதா? தலை பிளக்கிற மாதிரி வலித்துக் கண் மங்குகிறதா? இத்தனையும் நர்சம்மா கேட்கச் சொன்னது. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலே கிளம்ப வேண்டும் என்றார். ஆமாம், இல்லை என்று மட்டும் போடு சாமி. நானும் உன்னிடம் எதையும் விளக்கமாகக் கேட்கமாட்டேன்.

பதில் போட்டுவிட்டாய். "நாளைக்கு அவிய வந்துட்டுப் போகட்டும்ப்பா. சாயந்தரம் போலாம். யாருகிட்டயும் சொல்லீராதீங்க." நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இல்லை என்று நீ பதில் போடவில்லை. அதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே என்பதையும் பார்த்தேன். இப்போதுதான் எனக்கு முழுசாக விளங்குகிறது. நாளைக்கு இளம்பிள்ளையிலிருந்து உன் மாமியார் வீட்டார் தீட்டுக் கழித்துப் பேர் வைக்க வேனில் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நீ குளித்து முழுகிப் பட்டுக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காகவா? அதற்காகவா இந்தக் கொதிக்கிற உடம்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறாய்?

உன் வளைகாப்பில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது உன் மாமியார் சபையில் கேட்டார்கள். "தாயில்லாத ஊட்டுக்கு எப்படிங்க பிரசவத்துக்கு அனுப்பறது? ஆம்பளை ஒருத்தரு என்னத்தைங்க பாப்பாரு?" நியாயமான கேள்விதான். கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த நீ பட்டென்று, "எங்கப்பா பாப்பாருங்கத்தை. எங்கம்மா போனதிலிருந்து அவருதான் எல்லாம் பாக்கறாரு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே உன் பக்கம் பேசினார். பாவம், அவர் இப்போது வியாபாரத்துக்காகச் சேலைக் கட்டுகளோடு விஜயவாடாவில் இருக்கிறார், விசேஷத்துக்கு நாளைக்குத்தான் வருகிறார், அவருக்கும் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு எனக்குப் பெருமை பொங்கியது, அதை மறைக்கமாட்டேன். தலை நிமிர்ந்து உன்னைக் கூட்டி வந்தேன். அந்தச் சொல் பொய்யாகிவிடக் கூடாது, அப்பனைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்றுதானே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாய்?

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒரு ஆடிப்பெருக்குக்குப் பவானிக்குப் போயிருந்தோம். படித்துறையில் உடைந்த பாட்டில் சில்லு உன் காலில் ஏறிவிட்டது. உன் அம்மா அன்றைக்கு என்றும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தாள். அவள் சிரிப்பைக் கெடுக்கக் கூடாது என்று கைக்குட்டையைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு, காவிரிப் பாலம் முழுக்க நடந்து வீடு வந்து சேர்ந்தாய். கால் வீங்கி நீ நொண்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் சில்லை எடுத்தபோது உன் அம்மா உன்னை அடித்தாள். நான் மட்டும் கெட்டிக்காரி, நெஞ்சழுத்தக்காரி என்று உன்னைக் கொண்டாடினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு உன் அம்மா அடித்த அடிதான் சரி. வலியை மறைத்தால் அப்பா மெச்சுவார் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது சொல்கிறேன், மெச்சமாட்டேன். கோபம் வருகிறது. உன்மேல் இத்தனை கோபம் எனக்கு வந்ததே இல்லை, இத்தனை பயமும் வந்ததில்லை.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அது எத்தனை பெரிய காயம் என்று நானே யோசிக்காமல், "ஊசி போட்டு மயக்கத்துல எடுத்துட்டாங்க, வலியே இல்லாம பெத்துட்டா" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? வலியே இல்லாமல் பெற்றவள் இப்போது வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்? என் வாயைத் தைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒரு விசேஷம் இல்லாமல் போனால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பேரை இன்றைக்கு வைத்தாலும் ஆறு மாதம் கழித்து வைத்தாலும் இவள் திரும்பிப் பார்க்கத்தான் போகிறாள். நீ இல்லாமல் இவளை நான் எப்படி வளர்ப்பேன்? தாயில்லாமல் ஒருத்தியை வளர்த்த லட்சணம்தான் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறதே. இவள் இப்போது என் சட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்து தேடுகிறாள். பசி வந்துவிட்டது. கதவைத் திற சாமி.

திறப்பாய் என்று பார்த்தேன். திறக்காமல் இன்னொரு செய்தி அனுப்பியிருக்கிறாய். "அம்மா வந்துட்டாங்களாப்பா? தண்ணி கேட்டேனே."

எந்த அம்மா? நீ காலேஜில் படிக்கும்போதே போய்விட்ட அம்மாவையா கேட்கிறாய்? கதவில் காதை வைத்துக் கேட்டேன். மேல்மூச்சு வாங்குகிறது உனக்கு. ஓடி வந்தவள் மாதிரி மூச்சு விடுகிறாய். கூப்பிட்டேன், "ம்" என்றாய். பிறகு அதுவும் இல்லை.

108-ஐக் கூப்பிட்டுவிட்டேன். இதைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும். வண்டி அலறிக்கொண்டு வந்தால் தெருவே கூடும், நாளைக்கு விசேஷம் வைத்துக்கொண்டு இதென்ன என்று கேட்பார்கள் என்றுதான் செல்வராசுவின் காருக்குச் சொன்னேன். உன்னை அத்தனை திட்டி எழுதினேனே, நானும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்கும் போன் செய்தேன். "நேரா ஆஸ்பத்திரிக்கு வாரேனுங்க மாமா" என்று கிளம்பிவிட்டார்.

இன்னும் ஒரு போன் மிச்சம் இருந்தது. உன் மாமியாருக்கு. எடுத்ததும், "ஏனுங் சம்மந்தி, நாளைக்கு எத்தனை இலைக்குச் சொல்லியிருக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். "இலையெல்லாம் வேண்டாமுங்க. புள்ளைக்குக் குளிர்காய்ச்சலு. புண்ணு சீப்புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க. எனக்குப் பாக்கத் தெரியலீங்க. உள்ள அவ நடுங்கிக்கிட்டுக் கெடக்க, நான் வெளிய தறி ஓட்டிக்கிட்டு இருந்தனுங்க" என்றேன். நாம் இரண்டு பேரும் எதற்குப் பயந்தோமோ அதைச் சொன்னார்கள். "நான் வளகாப்பன்னிக்கே சொன்னனுங்களே. ஆம்பளைகிட்ட உட்டா இப்படித்தானுங்க ஆகும்." நான், "ஆமாங்க, நீங்க சொன்னதுதானுங்க சரி" என்றேன். வாயார ஒத்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டாயா? சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லிவிட்டார்கள், வாங்க வேண்டியதை நான் வாங்கிவிட்டேன். நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பேர் போயே போய்விட்டது. இனிமேல் அப்பாவுக்காக நீ மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை.

இதையும் நீ படித்த மாதிரி தெரியவில்லை. குழந்தையை எதிர் வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அழுதுகொண்டுதான் போனாள். தெருவில் பாவு நூல் ஓட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். வண்டி பாலத்துப் பக்கமிருந்து திரும்புகிற சத்தம் கேட்கிறது. எழுந்து வந்து திறக்க முடியவில்லை என்றால் வர வேண்டாம், சிரமப்படாதே. கடப்பாரையை எடுத்துவிட்டேன். கதவு ஓரமாகத் தலை வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள், சாமி.